எள்ளுப்போல சோறு

மண்டூரில் 'எள்ளுப்போல' என்றால் எவ்வளவு என்று வெளியூர்க்காரர் யாராவது என்னைக் கேட்டால், அளந்து காட்ட அண்ணன் வீட்டுக்குத்தான் அனுப்புவேன். கொஞ்சம் என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எள்ளுப்போல தண்ணி தா, எள்ளுப்போல தள்ளி இரு, எள்ளுப்போல பொறு. ஆனால் என் அண்ணன் வினாயகமூர்த்தி சோற்றுக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு "எள்ளுப்போல போடுறன்" என்று சொன்னால், விடியற்காலையிலிருந்து வயல் வட்டையில் வரம்பு கட்டிய ஆளுக்குக் காணும் சோறு சாப்பாட்டுக் கோப்பையில் விழும். போதும் என்று கையால் மறித்தால் கையின் மேலேயே போடுவார். அவருடைய எள்ளு எந்தச் செடியில் காய்க்கிறது என்று நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அவருடைய மனைவி இராசாத்தி எனக்கு மச்சாள். அதற்கு முன்பே சிநேகிதி. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து ஒரே ஆளிடம் அடி வாங்கியவர்கள் நாங்கள். இப்போது இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தகர வேலி மட்டும்தான். என் தையல் மெசின் வேலியோரம் இருப்பதால், அங்கே தும்மினாலும் எனக்குக் கேட்கும். கேட்காததையும் நான் கேட்டு வைத்துக்கொள்வேன் என்று அண்ணன் சொல்வார். சொல்லட்டும்.

இராசாத்தி கோயிலடி முன்பள்ளியில் ரீச்சர். இந்த ஊரில் இன்றைக்கு மீசை வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர்களில் பாதிப் பேரின் மூக்கை அவள்தான் துடைத்துவிட்டிருக்கிறாள். அவளோடு படிப்பிக்கும் கஜானியைப் பிள்ளைகள் சின்ன ரீச்சர் என்பார்கள், இவளைப் பெரிய ரீச்சர் என்பார்கள். வயதை வைத்துச் சொல்வதில்லை, அகலத்தை வைத்துத்தான் சொல்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். "பெரிய ரீச்சர் எண்டா நல்லதுதானேகா, சாய இடமிருக்கு" என்று எங்கள் ஊர் 'கா' போட்டுச் சொல்லிச் சிரிப்பாள். உண்மைதான். தாயை விட்டு வந்து அழுகிற பிள்ளையைத் தனக்குப் பக்கத்தில் பாயில் இருத்திக்கொள்வாள். அது கொஞ்ச நேரத்தில் அவள்மேல் சாய்ந்து நித்திரையாகிவிடும். கதிரையில் இருந்து படிப்பிக்க அவளுக்குப் பிடிக்காது. மேலே இருந்து கதைத்தால் பிள்ளைகளின் காதுக்குப் போய்ச் சேராது என்பாள்.

அந்தப் பாயில்தான் வினை வந்தது. போன வருடம் ஒரு காலையில், பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கிற ஓட்டோ பள்ளிக்கு முன்னால் வந்திருக்கிறது. தனுஷியா என்று ஒரு நாலு வயதுக்காரி, பாட்டைக் கேட்டதும் ஒரே ஓட்டமாய்ப் படலையைத் தாண்டி வீதிக்கு ஓடிவிட்டாள். கஜானி அன்றைக்கு லீவு. இராசாத்தி பாயிலிருந்து எழும்பப் பார்த்தாள். முழங்கால் இரண்டும் மடங்கியபடி நின்றுவிட்டன. கையை ஊன்றினாள், சுவரைப் பிடித்தாள், ஏலவில்லை. கத்தத்தான் முடிந்தது. பாண்காரர் கண்டுவிட்டு ஓட்டோவை நிறுத்தி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். கையில் மீன் வைத்த மாலுபாண் ஒன்றும் கொடுத்தனுப்பினாராம். பிள்ளைக்கு அது நல்ல நாள்.

இராசாத்தி அன்று வீட்டுக்கு வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள். "ஒரு பிள்ளைக்குப் பின்னால ஓட ஏலாதவள் என்னத்துக்குகா ரீச்சர்? இந்த வருசத்தோட பள்ளிக்கூடத் திறப்பைக் குடுத்திட்டு வீட்டில இருக்கப்போறன்" என்றாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பள்ளியும் இல்லாவிட்டால் அவளிடம் என்ன மிஞ்சும்? நினைத்ததை வெளியே காட்டாமல், "அழுது முடிச்சிட்டு டொக்டரிட்டப் போ" என்று மட்டும் சொன்னேன்.

களுவாஞ்சிகுடியில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினார்கள். பிரஷர் இருந்தது, சலரோகம் இல்லை. முழங்கால் தேறவேண்டுமென்றால் உடம்பு குறையவேண்டும் என்றார் டொக்டர். அதற்குக் கிழமைக்கு ஒருமுறை வயிற்றில் போடுகிற ஊசி ஒன்றை எழுதிக் கொடுத்தார். சின்ன அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுவதாம். அண்ணன் அந்தச் சீட்டுத் துண்டைக் கையில் வாங்கியதும் மருந்து எடுக்க ஓடிவிட்டார். அவர் அப்படித்தான், எந்த இடத்திலும் முழுதாகக் கேட்டு முடிக்கும் வழக்கம் கிடையாது. டொக்டர் மிச்சத்தையெல்லாம் இராசாத்திக்கு மட்டும் சொன்னார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசி போடுவதற்கு ஆள் தேடவேண்டியிருக்கவில்லை. எங்கள் மூத்த அக்கா அன்னப்பூரணி முன்பு சலரோகம் முற்றி, தினமும் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டது அண்ணன்தான். போட்டவுடன் சாப்பிடவேண்டும், இல்லாவிட்டால் இரத்தத்தில் சீனி இறங்கிவிடும் என்று ஆஸ்பத்திரியில் அவருக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் குருக்கள்மடத்தில் கலியாண வீடு. அக்கா ஊசியைப் போட்டுக்கொண்டு, "அங்க போய்த் திண்பம்" என்று கிளம்பிவிட்டாள். வாவியைக் கடக்க எங்களுக்கு இருப்பது மோட்டார் பூட்டிய பெரிய தெப்பம். அதைப் பாதை என்போம். அன்றைக்குப் பாதை நடு வாவியில் பழுதாகி நின்றுவிட்டது. அக்காவுக்கு வேர்த்து, நாக்குக் குழறி, அண்ணனின் மடியிலேயே சரிந்துவிட்டாள். பாதையில் வந்த யாரோ ஒருவர் இனிப்புச் சோடாவை வாயில் ஊற்றித்தான் அவளைத் திருப்பி எடுத்தார். அக்கா அதற்குப் பிறகும் பல வருடம் இருந்து, வேறு நோய் வருத்தத்தில்தான் போனாள். ஆனாலும் அண்ணனுக்கு அந்தப் பயம் போகவில்லை. இன்றுவரைக்கும் சேர்ட் பொக்கற்றில் டொபி இல்லாமல் வெளியே இறங்கமாட்டார். ஊசியைக் கண்டால் கை நடுங்கும்.

ஆகவே முதல் சனிக்கிழமை, தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் பிரிட்ஜில் வைத்திருந்த ஊசியை எடுத்து, நடுங்குகிற கையால் இராசாத்தியின் வயிற்றில் போட்டார். போட்ட கையோடு சோற்றைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். இறால் பொரியல், கட்டிப் பால் விட்ட மீன் குழம்பு, மேலே தயிர்.

"எள்ளுப்போல சாப்பிடுகா. ஊசி போட்ட வயிறு."

"பசியில்லையே."

"பசிக்காட்டியும் திண்டிரவேணும். உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்."

அவள் சாப்பிட்டாள். பின்னேரம் சத்தி எடுத்தாள். எடுத்ததால் வயிறு வெறுமையாகிவிட்டது என்று அண்ணன் திரும்பவும் சோறு போட்டார். அதையும் சாப்பிட்டு அதையும் எடுத்தாள். இப்படியே கிழமைகள் போயின. மீன் வெட்டுகிற மணம் வந்தாலே முகத்தைத் திருப்பினாள். பள்ளியில் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது பாதியில் எழும்பிப் போகவேண்டி வந்தது. எழும்புவதற்குக் கஜானி கைகொடுக்கவேண்டும். ஊரில் வேறு கதை கிளம்பிவிட்டது. ஒரு தாய், பிள்ளையின் பையில் புளிமாங்காய் வைத்து ரீச்சருக்கென்று அனுப்பியிருந்தாள். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் அவளுக்கு அப்படியொரு மரியாதை. நாங்கள் இரண்டு பேரும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்து முடிந்ததும் அவள் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். கண்ணெல்லாம் குழி விழுந்திருந்தது.

"விட்டெறிகா அந்த ஊசியை!" என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் வாவிக்கு அந்தப் பக்கமும் கேட்கும்.

"ஊசி நிண்டா பள்ளிக்கூடமும் நிக்கும், கேதீஸ். இந்தக் கால வைச்சுக்கொண்டு நான் அந்தப் பாயில இருக்கமாட்டன்" என்றாள். "இப்பிடியே சத்தி எடுத்தா ஊசியை நிப்பாட்டத்தான் வேணும் எண்டு டொக்டரும் சொல்லிற்றார். அடுத்த முறை போகக்குள்ள முடிவு சொல்லுவார்."

அந்த அடுத்த முறைக்கு நானும் போனேன். இரண்டு பேரையும் தனியே அனுப்ப எனக்கு நம்பிக்கையில்லை. அண்ணன் முழுதாகக் கேட்கமாட்டார், மச்சாள் முழுதாகச் சொல்லமாட்டாள்.

பாதை பாதி வாவிக்கு வந்தபோது இராசாத்திக்குத் தலை சுற்றியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். அண்ணனைப் பார்க்கவேண்டுமே! முகம் வெளிறி, ஒரு நொடியில் டொபியை உரித்து அவளுடைய வாயில் வைத்தார். பிறகு இன்னொன்று. "சீனி இறங்கிற்று, கேதீஸ், சீனி இறங்கிற்று" என்று என்னைப் பார்த்துச் சொன்னபோது அவருடைய குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் பார்த்தது இராசாத்தியைத்தான், ஆனால் கண்டது அன்னப்பூரணி அக்காவை. இராசாத்தி டொபியைப் பிள்ளையைப்போல் வாயில் வைத்திருந்தாள். அடுத்த நிமிடம் கம்பிக்கு வெளியே குனிந்து வாவியில் சத்தி எடுத்தாள்.

கிளினிக்கில் நஸீறா என்று ஒரு நர்ஸ். காத்தான்குடிப் பிள்ளை. ஓடிவந்து இராசாத்தியைப் படுக்கவைத்து, விரலில் குத்திப் பார்த்தாள்.

"சீனி சரியாத்தான் இரிக்கி, ஐயா. உடம்புல தண்ணிதான் இல்ல. அதான் தலை சுத்தியிரிக்கி" என்றாள்.

"திரும்ப ஒருக்காப் பாருங்க, மிஸ். மிசின் பிழையா இருக்கும்."

அவள் கோபப்படாமல் திரும்பவும் பார்த்தாள். அதே எண்தான். ஜீவனி உப்புத் தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்து இராசாத்திக்கு மிடறு மிடறாகக் குடிக்கக் கொடுத்தபடி அண்ணனிடம் கேட்டாள்.

"வீட்டுல ஊசி போட்டுட்டு என்ன செய்வீங்க?"

"உடன சோறு குடுப்பன்" என்றார் அண்ணன். பரீட்சையில் சரியாக எழுதிவிட்ட பிள்ளையின் முகம் அவருக்கு.

"உடன சோறா? எவ்வளவு?"

"எள்ளுப்போலதான்."

"பொய்!" என்றேன் நான். "கையால காட்டுங்க, அண்ணன்."

அவர் இரண்டு கையையும் குவித்துக் காட்டினார். நஸீறா கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாதையில் அக்கா சரிந்த கதையை நான் சொன்னதும், ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அவருக்கு நேரே இருந்தாள்.

"அக்காவுக்குப் போட்டது இன்சுலின், ஐயா. அத அடிச்சாச் சாப்பிடத்தான் வேணும். நீங்க அவவுக்குச் செஞ்சது சரி. இது வேற ஊசி. இன்சுலினும் சீனிக் குளிசையும் எடுக்காத ஆளுக்கு இதால சீனி அப்பிடி இறங்காது. இது வயித்த மெதுவாக்கும். சாப்பாடு உள்ளுக்குக் கன நேரம் கிடக்கும். முதல்ல போட்ட சோறு இறங்க முன்ன நீங்க மத்தச் சோத்தப் போட்டா அது எங்கால போற? மேலதான் வரும்."

அவள் தொடர்ந்து சொன்னாள். ஒரு சின்னப் பிடி சோறு போதும். மெதுவாய்ச் சாப்பிட வேண்டும். வயிறு நிரம்பின மாதிரி வந்ததும், கோப்பையில் மிச்சம் இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். எண்ணெய்ப் பொரியலும் கட்டிப் பாலும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். சாப்பிட்டவுடன் படுக்கக்கூடாது. தண்ணீரை இடையிடையே குடித்துக்கொண்டிருக்க வேண்டும். சத்தி நிற்காவிட்டாலோ வயிற்றுக்குள் கடுமையாய்க் குத்தினாலோ, கிளினிக் நாள் வரும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு இராசாத்தியின் பக்கம் திரும்பினாள்.

"இதெல்லாம் டொக்டர் முதல் நாளே உங்களுக்குச் சொன்னாரே, ரீச்சர்?"

இராசாத்தி கூரையைப் பார்த்துக்கொண்டு, "சொன்னவர்" என்றாள்.

டொக்டர் ஊசியை நிறுத்தவில்லை. பழைய சின்ன அளவுக்கே இறக்கிவிட்டார். இரண்டு மாதம் பார்ப்போம், அப்போதும் இப்படியே இருந்தால் ஊசி வேண்டாம் என்றார். பள்ளியைக் கைவிடாமலிருக்க அந்த இரண்டு மாதம்தான் அவளுக்கு மிச்சமிருந்தது.

திரும்பி வரும் பாதையில் அண்ணன் வாவியைப் பார்த்துக்கொண்டே நின்றார். நடுவாவி தாண்டியது. பிறகு திரும்பாமலே கேட்டார்.

"தெரிஞ்சும் ஏன் திண்ட நீ? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் போட்டிருப்பனா?"

"சொன்னாக் கேட்டிருப்பீங்களா?"

"கேட்டிருக்கமாட்டன்" என்றார். என் அண்ணனிடம் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான், பொய் சொல்ல வராது. "எண்டாலும் நீ சொல்லியிருக்கவேணும்."

இராசாத்தி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டாள். "ஊசி போடக்குள்ள உங்கட கை நடுங்கும். சோத்தப் போட்டு நான் முதல் வாய் திண்டாப் பிறகுதான் அந்த நடுக்கம் நிக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அதப் பாத்துக்கொண்டுதான் இருந்தன். நான் வேணாமெண்டு சொன்னா அந்தக் கை நடுங்கிக்கொண்டே இருக்கும்தானே. அதான் திண்டன்."

நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். இவ்வளவு நாளும் ஊசியைத் திட்டினேன், டொக்டரைத் திட்டினேன். ஒருவர் பயத்தில் ஊட்டியிருக்கிறார், ஒருத்தி அந்தப் பயத்துக்காகவே விழுங்கியிருக்கிறாள். இப்படி இரண்டு பேரை வைத்துக்கொண்டு நான் யாரோடு சண்டை பிடிப்பது? கண் கலங்கிவிட்டது. அழுகிறேன் என்று அவர்கள் நினைக்கக்கூடாதென்று, காற்று கண்ணில் அடிக்கிறது என்று சத்தமாய்ச் சொன்னேன். அன்றைக்கு ஒரு துளி காற்றும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை ஊசி போட்டபின் அண்ணன் அடுக்களைக்குப் போகவில்லை. கையைத் தொடைகளுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் இருந்தார். அவள் பசிக்கிறது என்று சொல்ல மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரையும் அவர் அங்கேயேதான் இருந்தார். அவருக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்பது எனக்குத் தெரியும். பிறகு ஒரு பிடி சோறு, தண்ணிச் சொதி, எள்ளுப்போல கீரை. சோறு கோப்பையின் நடுவில் தனியே கிடந்ததைப் பார்க்க அவருக்கே வெட்கமாயிருந்தது போல. "ஆக்கள் பாத்தா நான் பெண்டாட்டியப் பட்டினி போடுறன் எண்டுதான் சொல்லுவாங்க" என்றார். அந்தச் சனிக்கிழமை சத்தி இல்லை.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கவேண்டாம். மலச்சிக்கல் வந்தது. பப்பாசிப்பழமும் முருங்கைக்கீரையும் தண்ணீருமாய் அதோடு கொஞ்ச நாள் மல்லுக்கட்டினார்கள். அண்ணனோ ஒரேயடியாய் மறுகரைக்குத் தாவிவிட்டார். முன்னர் சோறு போட்டு வதைத்தவர், இப்போது பக்கத்தில் இருந்து பார்த்து வதைத்தார். "மெதுவாச் சப்பு. தண்ணி குடிச்சியா? படுக்காத!" அவள் ஏப்பம் விட்டாலும் அவருக்கு விளக்கம் சொல்லவேண்டும். இடையில் ஒரு பூப்புனித வீட்டில் ஆசை மேலிட்டு இரண்டு வடை தின்றுவிட்டு வந்து, அன்று பின்னேரம் முழுக்கக் கிணற்றடியில் கிடந்தாள். அண்ணன் ஏசுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஏசவில்லை. அவளுடைய கூந்தலை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் முதுகைத் தடவிவிட்டபடி, "வடை நல்லமா இருந்திச்சா?" என்று மட்டும் கேட்டார். "ஓம்" என்றாள் அவள்.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது டொக்டர் ஊசியைத் தொடரச் சொன்னார். முழங்காலுக்கு அப்பியாசமும் காட்டிக் கொடுத்தார். கிழமை போகப் போகத் தொளதொளத்த அவளுடைய சட்டைகளை நான்தான் பிடித்துத் தைத்தேன். கூலி வாங்கவில்லை, வாய்க்கு வந்தபடி கேலி மட்டும் செய்தேன்.

போன மாதம் விளையாட்டுப் போட்டிக்குத் தைத்த உடுப்புகளைக் கொடுக்க முன்பள்ளிக்குப் போயிருந்தேன். கஜானி உள்ளே பால் கரைத்துக்கொண்டிருந்தாள். இராசாத்தி பாயில் இருந்தாள். வீதியில் பாண் ஓட்டோவின் பாட்டுக் கேட்டது. தனுஷியாவின் தலை திரும்பியது, கால் எழும்பியது. நான் உடுப்புக் கட்டைக் கீழே போடுவதற்குள் இராசாத்தி சின்னக் கதிரை ஒன்றில் கையை ஊன்றி, ஒரு காலை மடித்து, மற்றக் காலை ஊன்றி எழும்பிவிட்டாள். ஓடினாள் என்று சொன்னால் பொய். விரைவாய் நடந்தாள். ஆனால் படலைக்குப் பிள்ளைக்கு முதல் அவள்தான் போய்ச் சேர்ந்தாள். அங்கே நின்று, கையை விரித்துத் தனுஷியாவைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன். முன்பெல்லாம் என் கை அவளைச் சுற்றி எட்டாது. அன்றைக்கு எட்டியது.

அன்று பின்னேரம் அண்ணன் வீட்டில் எனக்கும் சோறு. நடந்ததை நான் கூட்டிக் குறைத்துச் சொன்னேன், கூட்டியதுதான் அதிகம். அண்ணன் கேட்டுக்கொண்டே பரிமாறினார். இராசாத்தி தன்னுடைய ஒரு பிடியை மெதுவாய்த் தின்று முடித்தாள். கோப்பையை நகர்த்திவைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அதை அண்ணன் பக்கம் நீட்டினாள்.

"பசிக்குது. இன்னும் எள்ளுப்போல போடுங்க."

அவள் வாயிலிருந்து பசி என்ற சொல்லை நாங்கள் இப்படிக் கேட்டு எவ்வளவோ நாள். அண்ணன் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"எந்த எள்ளு?" என்று கேட்டார். "நஸீறா மிஸ்ட எள்ளா, என்ட எள்ளா?"

"உங்கட எள்ளுதான்" என்றாள் இராசாத்தி.

அண்ணன் கரண்டி நிறைய அள்ளினார். அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு பாதியைத் திரும்பப் பானையில் போட்டார். அந்தப் பாதியிலும் பாதியைப் போட்டார். மிச்சமிருந்ததை அவளுடைய கோப்பையில் வைத்தபோது அவருடைய கை நடுங்கவில்லை.